தண்ணீர் பிடிக்காத இருவர்

நண்பன் போய்விட்டான் என்று போன் வந்ததும் வாத்தியாருக்கு முதலில் வந்தது அழுகை இல்லை. அப்பாடா, நாளைக் காலையில் நீச்சல் குளத்துக்குப் போக வேண்டியதில்லை என்ற நிம்மதிதான். அடுத்த நொடியே, சீ, நானெல்லாம் ஒரு மனுஷனா என்று தலையில் அடித்துக்கொண்டார். ஆனாலும் வந்தது வந்ததுதானே? மனசுக்கு ஏது வெட்கம்!

வாத்தியார் என்றால் பள்ளிக்கூட வாத்தியார் இல்லை. கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். யாரோ ஒருவர் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு நடுங்க, பக்கத்தில் உட்கார்ந்து தன் காலடியில் இருக்கும் இன்னொரு பிரேக்கை மிதிக்கிற பிழைப்பு. போனவன் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரன். இரண்டு பேரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, ஒரே பரீட்சையில் கோட்டை விட்டவர்கள். கண்ணாடிக்காரனைப் போல இதமான ஆள் தேடினாலும் கிடைக்க மாட்டான். "இந்த பிரேம் உங்களுக்குக் கொஞ்சம் சின்னதா இருக்கு சார்" என்பானே தவிர, உங்கள் மூஞ்சி பெரிசு என்று சொல்ல அவனுக்கு வாய் வராது.

வாத்தியாரின் மனைவி இறந்த சமயத்தில்தான் இந்த நீச்சல் சனியன் வந்து பிடித்தது. அப்போது அவர் வேலைக்குப் போகாமல், சவரம் செய்யாமல், போர்வைக்குள்ளேயே கிடந்தார். ஒருநாள் விடிந்தும் விடியாமலும் கண்ணாடிக்காரன் வந்து கதவைத் தட்டினான்.

"டேய், டாக்டர் என்னை தினமும் நீந்தச் சொல்லிட்டார்டா. தனியா போக பயமா இருக்கு. நீயும் கூட வாயேன்."

வாத்தியாருக்குப் பச்சைத்தண்ணீர் ஆகவே ஆகாது. வெயில் காலத்திலும் வெந்நீர்தான். ஆனால் நண்பன் உடம்புக்கு ஏதோ என்கிறான், எப்படி மாட்டேன் என்பது? போனார். தண்ணீரில் இறங்கியதும் பல் தானாகத் தந்தியடித்தது. கண்ணாடிக்காரனோ உதடு நீலம் பாய நின்றுகொண்டு, "தண்ணி வெதுவெதுன்னு இருக்குல்ல?" என்றான். "பிரமாதம்டா" என்றார் வாத்தியார். மனசுக்குள் சொன்னதை இங்கே எழுத முடியாது.

இப்படியே எட்டு வருஷம். மழையா, பனியா, ஒன்றும் தடுக்கவில்லை. கடைசியில் ஒருநாள் கடையில் உட்கார்ந்தபடியே மாரடைப்பு வந்து கண்ணாடிக்காரன் சாய்ந்தான். ஊரே அழுதது. வாத்தியார் மட்டும் மரம் மாதிரி நின்றார். கண்ணில் பொட்டுத் தண்ணீர் இல்லை. நான் இவனை நேசித்தேனா இல்லையா என்ற கேள்வி அவரைப் பிடுங்கித் தின்றது.

கூட்டமெல்லாம் கலைந்த பிறகு ஒரு சாயங்காலம் அந்த வீட்டுக்குப் போய் உட்கார்ந்தார். நண்பனின் மனைவி எதிரே வந்து நின்றாள்.

"அண்ணா, மறைக்காம ஒண்ணு சொல்லணும். உங்களுக்கு அந்தக் குளம்னா அவ்வளவு உயிரா?"

வாத்தியார் முழித்தார்.

"டாக்டர் அவரை நீந்தச் சொல்லவே இல்லைண்ணா. சளி உடம்பு, பச்சைத்தண்ணி பக்கமே போகக் கூடாதுன்னார். உங்களைப் படுக்கையிலேர்ந்து எழுப்ப ஒரு சாக்கு வேணும்னுதான் இவர் அப்படிச் சொன்னது. ஒரு மாசத்துல நிறுத்திடுவார்னு பார்த்தேன். 'அவனுக்கு ரொம்பப் பிடிச்சுப் போச்சுடி, நான் நின்னா அவனும் நின்னுடுவான்'னு காய்ச்சலோடகூட போனார். தும்மித் தும்மி வீடே அதிரும். நான் தினமும் உங்களைத்தான் திட்டியிருக்கேன்."

வாத்தியார் மனசுக்குள் கணக்குப் போட்டார். எனக்கும் பிடிக்காது தங்கச்சி என்று உண்மையைப் போட்டு உடைக்கலாம். உடைத்தால், அவள் புருஷன் எட்டு வருஷம் தும்மியது அத்தனையும் தண்டம். அதை எப்படி இவள் தலையில் போடுவது?

"உயிரும்மா. அந்தத் தண்ணி மட்டும் இல்லேன்னா நான் என்னைக்கோ போய்ச் சேர்ந்திருப்பேன்."

"அப்போ சரிண்ணா. அவர் பட்ட பாடு வீணாகலை" என்று அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

உள்ளேயிருந்து, பேங்கில் வேலை பார்க்கும் மகள் எட்டிப் பார்த்தாள். "அப்பா இல்லேன்னு நீங்க விட்டுடக் கூடாது மாமா. நாளைலேர்ந்து நான் கூட வரேன்."

போச்சுடா! வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டார் வாத்தியார்.

மறுநாள் குளத்து வாசலில் அவள் ஸ்வெட்டருக்கு மேல் துண்டைச் சுற்றிக்கொண்டு நின்றாள். மூக்கு சிவந்திருந்தது. "எனக்கும் நீச்சல்னா ரொம்ப இஷ்டம் மாமா" என்று சொல்லிவிட்டு ஒரு தும்மல் போட்டாள். அச்சு அசல் அப்பன் முகம், அப்பன் பொய்.

வாத்தியாரால் தாங்க முடியவில்லை. "அம்மா தாயே, உனக்குப் பிடிக்காது. எனக்கும் பிடிக்காது. என்னைக்குமே பிடிச்சதில்லை."

"அப்புறம் எதுக்கு மாமா இத்தனை வருஷம்?"

"உங்கப்பனுக்குப் பிடிக்கும்னு நினைச்சேன்."

அவள் சுற்றியிருந்த துண்டை உருவினாள். அப்புறம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், சிரித்துக்கொண்டே அழுதாள். "அம்மாகிட்ட மூச்சு விடாதே" என்றார் வாத்தியார். தலையை ஆட்டிவிட்டு, உயிர் வந்தவளாக ஸ்கூட்டரைக் கிளப்பிக்கொண்டு போனாள்.

ஆக, விடுதலை! வீட்டுக்குப் போனால் வெந்நீர், சூடாக டீ, இன்னொரு தூக்கம். வாத்தியார் தெருப் பக்கம் திரும்பினார். கால் எழும்பவில்லை. உள்ளே போய்ச் சட்டையைக் கழற்றிவிட்டு மார்பளவுத் தண்ணீரில் இறங்கினார். ஊசி ஊசியாகக் குத்தியது.

இத்தனை வருஷத்தில் இரண்டு பேரில் யாரும் ஒருநாள்கூட 'போதும், கிளம்பலாம்' என்று சொன்னதில்லை. அவன் ஆசைப்படுகிறானே என்று இவர் நிற்பார், இவர் ஆசைப்படுகிறாரே என்று அவன் நிற்பான். காவலாளி விசில் ஊதித்தான் இரண்டு பேரையும் கரையேற்றுவான். இன்றைக்கு அந்தத் தொல்லை இல்லை. நினைத்த நிமிஷம் ஏறிவிடலாம்.

"படுபாவி, ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதாடா?" என்று வாத்தியார் வாய்விட்டே கேட்டார்.

சொல்லியிருந்தால் அன்றைக்கே இரண்டு பேரும் வெந்நீருக்குப் போயிருப்பார்கள். அவரவர் வீட்டில், தனித்தனியாக.

அப்போதுதான் அழுகை வந்தது. அடக்க நினைத்தும் அடங்காத அழுகை. காவலாளி விசில் ஊதினான், மறுபடியும் ஊதினான், கரையில் நின்று கத்தியும் பார்த்தான். வாத்தியார் ஏறவில்லை.