சிவசங்கரிக்குச் சொன்ன வீடு

ஓட்டுக் கேட்டு வருகிறவர்களை நான் நம்புவதில்லை. மரக்காணம் உப்பளத்தில் இருபது வருஷமாகப் பாத்தியில் நிற்கிறவள் நான். எங்கள் தெருவுக்குக் குழாய் வரும் என்று சொல்லிக் குழியை மட்டும் வெட்டிவிட்டுப் போனார்கள். அடுத்த தேர்தலுக்கு வந்தவரின் ஜீப் அந்தக் குழியிலேயே மாட்டிக்கொண்டது. நாங்கள்தான் தள்ளிவிட்டோம்.

அப்படிப்பட்ட எனக்கே இந்த முறை வயிறு எரிந்தது.

உப்பு வாருகிற மாதிரி படம் எடுத்துக்கொள்ள வேட்பாளர் வந்தார். நேராக என்னிடம்தான் வந்தார். கூட வந்த போட்டோக்காரன், "இந்தம்மா வேணாம் சார், அந்தப் பொண்ணு நல்லாருக்கும்" என்று பக்கத்துப் பாத்தி சிவசங்கரியைக் காட்டினான். அவர் அவளிடம் உப்பு வாருகிற பலகையை வாங்கி இரண்டு இழுப்பு இழுத்தார். பேரைக் கேட்டார்.

"சிவசங்கரி, அடுத்த மழைக்கு நீ கான்க்ரீட் வீட்டுல இருப்பம்மா."

அவளுக்கும் ஓலைக் குடிசை, எனக்கும் ஓலைக் குடிசை. என் பேரை யாரும் கேட்கவில்லை. நாலாம் நாள் பஸ் ஸ்டாண்டில் அவள் படம் ஆள் உயரத்துக்கு நின்றது. நான் அந்தப் பக்கம் போவதையே விட்டுவிட்டேன்.

அவர் ஜெயித்தார். செப்டம்பரில் கட்சிக்காரன் கார்த்திகேசன் சிவசங்கரி வீட்டுக்கு வந்தான். "பாக்குறதுக்கு ஆபீசருங்க வருவாங்க. கூரை இருந்தா வீடு இருக்குதுன்னு எழுதிட்டுப் போயிடுவாங்க. பிரிச்சுப் போட்டுடு" என்று சொல்லிவிட்டுப் போனான். அவள் என்னிடம் ஓடி வந்தாள்.

"பிரிச்சிடலாமா அக்கா? நீ சொன்னா நான் கேக்குறேன்."

எந்த ஆபீசரும் வரப்போவதில்லை என்று எனக்குத் தெரியும். வேண்டாம்டி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், நாக்கு நுனி வரை வந்தது. இவளுக்கு மட்டும் என்ன கான்க்ரீட் வீடு என்கிற எரிச்சல் அதை விழுங்கிவிட்டது.

"பிரிச்சிடு" என்றேன்.

ஓலை இறக்கக் கைகூடக் கொடுத்தேன். மழைக்கு முன்னால் உப்புக் குவியலை மூட ஓலை கேட்டு முதலாளி ஆள் அனுப்பியிருந்தார். அவள் மொத்தத்தையும் கொடுத்துவிட்டாள்.

அக்டோபரில் மழை பிடித்துக்கொண்டது. ஆபீசர் வரவில்லை. சிவசங்கரியும் புருஷனும் இரண்டு பெண் பிள்ளைகளும் பாத்திரம் பண்டங்களோடு என் குடிசைக்கு வந்து சேர்ந்தார்கள்.

"எல்லாரும் சிரிச்சாங்க. நீ மட்டுந்தான் அக்கா நம்பிக்கையா பேசின" என்றாள், வெங்காயம் உரித்துக்கொண்டே.

அடுப்பை ஊதுகிற சாக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

"இன்னுமாடி நம்புற?"

"என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டு சொன்னாருக்கா. மறந்திருக்க மாட்டாரு."

கூரை இழந்து என் அடுப்படியில் உட்கார்ந்திருக்கிறவள் அவள். அப்போதும் பொறாமை எனக்குத்தான் வந்தது. இத்தனை தேர்தலில் எனக்கென்று ஒரு பொய்யைக்கூட யாரும் சொன்னதில்லை.