பார்க்காத மாதிரிப் பார்ப்பது

என் வீட்டுக்காரர் சிவனாண்டிக்குப் பம்பாய் தாராவியில் மளிகைக்கடை. இனாம் என்ற சொல் காதில் விழுந்தாலே அவர் கை தானாக பணம் வைத்த இடுப்பு பெல்ட்டைத் தடவிப் பார்க்கும். அப்படிப்பட்ட மனுஷரை, கோட்டைப் பக்கத்துப் பார்க்கில் ஞாயிறு சாயங்காலம் நடக்கும் இலவச பேண்டு வாசிப்புக்கு வரச் சம்மதிக்க வைத்துவிட்டார் தரகர் தங்கபாண்டி. அறுபத்தொன்பதாம் வருஷம் அது.

எல்லாம் எங்கள் மகள் அன்னத்தாய்க்காகத்தான். அவளைப் பெண் பார்க்க வருகிறவர்கள் கேசரியும் பஜ்ஜியும் தின்றுவிட்டு, "ஊர்ல கலந்துக்கிட்டுச் சொல்லுதோம்" என்று போவார்கள். போனது போனதுதான். மறுநாள் குழாயடியில் ஒவ்வொருத்தியும் என்னைத்தான் நோண்டுவாள். கடைசியாக வந்தவர்கள் போனபிறகு, இனி எவன் முன்னாலும் காபித் தட்டோடு வந்து நிற்க மாட்டேன் என்று அன்னத்தாய் சொல்லிவிட்டாள். அழுதாளா என்றால் அதுவும் இல்லை. சாப்பாட்டைத்தான் குறைத்துக்கொண்டாள். இதுவும் தட்டிப்போனால் அவள் கல்யாணப் பேச்சையே எடுக்கவிட மாட்டாள் என்று தெரிந்தது.

அதனால்தான் தங்கபாண்டி இந்த யோசனையைச் சொன்னார். மாப்பிள்ளை கணேசபாண்டியன், அணுசக்தி நகரில் அண்ணன் வீட்டில் இருந்துகொண்டு அங்கேயே டெக்னீஷியன் வேலை பார்க்கிறவன். இரண்டு வீட்டாரும் பேண்டு கேட்க வந்த மாதிரி வர வேண்டும். பார்க்காத மாதிரிப் பார்த்துக்கொள்ள வேண்டும். தரகர் வந்து பேச்சை ஆரம்பிக்கும்வரை யாரும் யாரோடும் பேசக்கூடாது.

"பிடிக்கலன்னா அவ்வளவுதான் அண்ணாச்சி, ஒரு ஈ காக்காய்க்குத் தெரியாது. புதுசா வச்சிருக்க சிலைக்குப் பக்கத்துல நிப்பான். வெள்ளைச் சட்டை."

"வீட்டுக்கு வர ஏன் பயப்படுதான்? காலு கீலு நொண்டியா?" என்றார் என் வீட்டுக்காரர். எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது. ஆனாலும் என் தங்கச் சங்கிலியை அன்னத்தாய் கழுத்தில் போட்டு, மாஹிமில் லோகல் ஏறிப் போய்ச் சேர்ந்தோம்.

பார்க் வாசலில் ஒருவன் அச்சடித்த காகிதம் ஒன்றை நீட்டினான். "தொடாத. வாங்கினா துட்டு கேப்பான்" என்று இவர் எங்களைத் தள்ளிக்கொண்டு போனார். நாற்காலிகள் காலியாகக் கிடந்தன. அதிலும் உட்கார விடவில்லை. "ஃபுகட்ல, ஓசியில எவன்ளா நாற்காலி போடுவான்? பாட்டு முடிஞ்சதும் வசூலுக்கு வருவான் பாரு." சரி என்று புல்லில் உட்கார்ந்தோம்.

எதிரே பளிங்கில் ஒரு வெள்ளைக்காரத் துரை நின்றுகொண்டிருந்தார், தலையெல்லாம் காக்கை எச்சம். எங்களுக்குப் பின்னால் சிமெண்டு மேடையில் துருப்பிடித்த சக்கரமும் சங்கிலியும் வளைந்த கம்பியுமாக ஒரு குவியல். சுற்றிலும் கயிறு கட்டியிருந்தார்கள். "குர்லா பட்டறையில கழிச்சதை எவனோ இங்க கொண்டாந்து தட்டியிருக்கான்" என்றார் இவர்.

துரைக்குப் பக்கத்தில் வெள்ளைச் சட்டை போட்ட பையன் ஒருவன் கடலை கொறித்துக்கொண்டிருந்தான். மூன்று பேரும் அவனைப் பார்க்காத மாதிரிப் பார்த்தோம்.

"தொலியைக் கீழ போடாம பையில போடுதான் பாரு. நல்ல வளர்ப்பு" என்றார் இவர்.

"இந்தப் பக்கம் ஒரு தடவைகூடத் திரும்பலையே?"

"அதுதான்ளா மரியாத."

எனக்கு மனசு ஒப்பவில்லை. பெண் பார்க்க வந்தவன் கடலையை மட்டுமே பார்ப்பானா? எவளோ ஒருத்தியை ஏற்கெனவே மனசில் வைத்துக்கொண்டு அண்ணன் சொல்லுக்காக வந்து நிற்கிறானோ? இப்படியே யோசித்துக்கொண்டிருந்தபோது அன்னத்தாய் என் தோளைத் தொட்டாள்.

"யம்மா, பின்னால ஒருத்தன் என்னையே பாத்துக்கிட்டு நிக்கான்."

திரும்பினேன். அந்த இரும்புக் குவியலை ஒட்டி ஒருவன். அவனும் வெள்ளைச் சட்டைதான், அந்தக் கூட்டத்தில் பாதிப் பேர் வெள்ளைச் சட்டை. கண்ணை எடுக்காமல் பார்த்தான். தலைப்பின்னல், கழுத்து, இடுப்பு, பாதம், மறுபடி கழுத்து. சங்கிலி மேல் கண் வைத்துவிட்டான் என்று நினைத்தேன். அவள் முந்தானையை இழுத்துக் கழுத்தைச் சுற்றி மூடினேன். அவனோ முகம் தெரிகிற பக்கமாக நகர்ந்து வந்து நின்றான். என்ன தைரியம்! எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

"ஏங்க, அந்தக் கழிசடையைப் பாருங்க."

இவர் எழுந்த வேகத்தில் பக்கத்தில் இருந்த குடும்பம் ஒதுங்கி வழிவிட்டது. போய் அவன் காலரைக் கொத்தாகப் பிடித்தார். "க்யா ரே! லட்கி கோ க்யா தேக்தா ஹை?" என்று, பெண்ணை என்ன பார்வை பார்க்கிறாய் என இந்தியில் அதட்டி உலுக்கிய உலுக்கில் சட்டைப் பொத்தான் தெறித்தது. பேண்டு கேட்க வந்த கூட்டம் பேண்டை விட்டுவிட்டு எங்களைப் பார்த்தது. அவன் காலரை விடுவித்துக்கொள்ளப் பார்த்தான். தங்கபாண்டி எங்கிருந்தோ ஓடிவந்தார்.

"அண்ணாச்சி, கைய எடுங்க! அவன்தான் கணேசபாண்டியன்!"

"சிலைக்கிட்டன்னுதானவே சொன்னீரு?"

"இதுதான் சிலை!" தரகர் அந்த இரும்புக் குவியலைக் காட்டினார். "புதுசா வச்சதுன்னு சொன்னேன்லா?"

இவர் முகம் போன போக்கைச் சொல்ல முடியாது. பிடித்த கையாலேயே காலரை நீவிவிட ஆரம்பித்தார். "தம்பி, மனசுல வச்சுக்கிடாதிய. ஆளு தெரியாமப் போச்சு." பிறகு திரும்பி, "ஏளா அன்னம், அங்க ஏன் பதுங்குத? இப்படி வெளிச்சத்துக்கு வந்து தலைய நிமித்தி நில்லு. தம்பி நல்லாப் பாத்துக்கிடட்டும்" என்றார்.

நான் மட்டும் என்ன செய்தேன்? சற்றுமுன் இழுத்து மூடிய முந்தானையை அவசர அவசரமாக விலக்கி, சங்கிலி தெரிகிற மாதிரி சரிசெய்துகொண்டிருந்தேன்.

அன்னத்தாய் வெளிச்சத்துக்கு வரவில்லை. குரலையும் உயர்த்தவில்லை.

"யப்பா, இவரு மாப்பிள்ளைன்னு தெரியதுக்கு முன்னால நீங்க செஞ்சதுதான் சரி."

"என்னளா பேசுத?"

"வீட்டுக்கு வந்தவனுவ எல்லாம் என்னைய இப்படித்தான்ப்பா பாத்தானுவ. ஒருத்தன் சட்டையையாவது நீங்க புடிச்சியளா? எனக்குன்னு நீங்க எந்திரிச்சு வந்தது இன்னைக்குத்தான்."

கணேசபாண்டியன் தலையைக் குனிந்துகொண்டான். பெற்றவளாகிய எனக்கு அந்த நிமிஷம்வரை அது உறைக்கவே இல்லை என்பதுதான் என்னைக் கொன்றது. இவர் அந்தப் பையனின் காலரிலிருந்து கையை எடுத்துவிட்டார். என் கை இன்னும் அவள் முந்தானையிலேயே இருந்தது.