பின்னல் ஊசியும் கொரியச் சாப்பாடும்

1

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதையில் வரும் எந்தப் பண்டத்தையும் நான் வாயில் வைத்ததில்லை. நான் சைவம். 1984இல் புனே சாங்வியில் எங்களுக்குப் பக்கத்து வீடு இன்பநாதன், பிலிஸ் தம்பதி. நடுவில் ஒரே சுவர். சுவரைத் தாண்டி வந்த வாசனையை வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். சமையல் குறிப்பு எதிர்பார்த்து வந்தவர்கள் இப்போதே எழுந்து போகலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன்.

2

தொடக்கம், முதல் முயற்சி: "கொரியாவில் அன்று பனி கொட்டிக்கொண்டிருந்தது. இளம் கிளார்க் இன்பநாதன் தன் —"

வேண்டாம். நான் பார்த்த பனியெல்லாம் ஃபிரிஜ்ஜுக்குள் இருந்ததுதான்.

இரண்டாவது: "டாக்டர் தேங்காயைக் குறைக்கச் சொன்னார், இன்பநாதன் பெண்டாட்டியின் சமையலையே நிறுத்திவிட்டார்."

இது பரவாயில்லை. ரத்த அழுத்தம் என்று டாக்டர் சொன்ன அன்றே அவர் வீட்டில் அறிவித்தார்:

"இனிமே இங்க கொரியாக்காரன் சாப்பாடுதான். ஒரு சொட்டு எண்ண கெடையாது, ஒரு சில்லு தேங்கா கெடையாது. அம்பத்து மூணுல அங்க இருந்தவன் நான், எனக்குத் தெரியாதா?"

இருந்தவர்தான். சண்டை ஓய்ந்ததும் போர்க்கைதிகளைக் காவல் காக்க நம் படை போனபோது, கூடப் போய் ஐந்து மாதம் இருந்துவிட்டு வந்தவர்.*

* அதன் பிறகு இங்கே கட்கி ராணுவ டிப்போவில் முப்பது வருடம் வேலை. அதைப் பற்றி ஒருநாளும் பேசியதில்லை. பேசியதெல்லாம் அந்த ஐந்து மாதம்தான்.

3

வெறும் சோறு, முள்ளங்கி சூப், உப்பும் மிளகாய்த்தூளும் பூண்டும் போட்டு ஜாடியில் புளிக்க வைத்த முட்டைக்கோஸ். மூன்று வேளையும் இதுதான். கோஸை அவரே பிசைவார். கொரியாக்காரர்கள் சாப்பிடும் குச்சிக்குப் பதிலாக பிலிஸக்கா ஸ்வெட்டர் பின்னும் ஊசிகள். அவற்றால் சோற்றைப் பருக்கை பருக்கையாக எடுத்து மதியச் சாப்பாட்டை முடிக்க மாலை ஐந்தாகும். [மிகை. நாலே முக்கால்.] ஜாடியைத் திறந்தால் எதிர்வீட்டு மராத்திக்காரர் ஜன்னலைச் சாத்துவார்.

சிரிக்காதீர்கள். பிலிஸக்கா சிரிக்கவில்லை. அவருடைய சுர்மை, அதாவது வஞ்சிர மீன் குழம்புக்கு சர்ச்சில் பெரிய பெயர். மகள் கல்யாணமாகிப் போய்விட்டாள்; இருந்த ஒரே ஆளும் இப்போது தொடவில்லை. குழம்புச் சட்டியைக் கவிழ்த்து வைத்து நாலு மாதமாயிற்று. ஒருநாள் துணி உலர்த்தும்போது என்னிடம் சொன்னார்:

"இருவத்தெட்டு வருசமா என் கொழம்பத் தின்னவிய, சரசா. இப்ப சட்டியப் பாத்தாலே மொகத்தத் திருப்புதாவ. அப்ப இத்தன வருசமும் வேற வழியில்லாமத்தான் தின்னாவளா?"



4

இங்கே ஒரு கொரியப் பெண்ணை நுழைத்தால் கதை சூடுபிடிக்கும். "அவருக்குச் சமையல் கற்றுக்கொடுத்தவளின் பெயர் —" என்று எழுதியும் விட்டேன். ஆனால் பஸ்ஸில் பக்கத்தில் ஒரு பெண் உட்கார்ந்தால் எழுந்து நின்றுகொள்கிற மனிதர் அவர். வரியை அடித்துவிட்டேன். பாவம், அவளுக்குப் பெயர்கூட வைக்கவில்லை.

அவளுக்குப் பதிலாக ஒரு நிஜக் கொரியர் வந்தார். வேதாகமக் கல்லூரியில் படிக்க வந்த ஹான் என்ற இளைஞர். சர்ச்சில் பார்த்தவுடனே பிலிஸக்கா ஞாயிறு சாப்பாட்டுக்குக் கூப்பிட்டுவிட்டார். விருந்தாளிக்காகச் சட்டியை நிமிர்த்தினார். என்னையும் வரச் சொன்னார்.

"அவிய திங்கது சரியான்னு அந்தத் தம்பி சொல்லட்டும். தப்புன்னு ஒரு வார்த்த வரட்டும், ஜாடிய ஒடச்சிருதேன்."

5

ஹான் சோற்றுக்கு ஸ்பூன் கேட்டார். "எங்கள் ஊரில் சோறு ஸ்பூனால்தான்" என்று ஆங்கிலத்தில் சொல்லிச் சிரித்தார். இன்பநாதனின் ஊசிகள் அந்தரத்தில் நின்றன. பிறகு ஹான் கோஸை ஒரு வாய் மென்றார். யோசித்தார்.

"ரொம்ப நன்றாக இருக்கிறது. இது தமிழ்நாட்டு ஊறுகாயா?"

அக்கா நாலு மாதமாகக் காத்திருந்த வார்த்தை. புருஷனைப் பார்த்தார். அவருக்குக் காது இரண்டும் சிவந்துவிட்டன.

"எஸ், எஸ்" என்றார் அக்கா. "திருநெல்வேலி ஸ்பெஷல்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. சொல்ல வெட்கமில்லை.

இன்பநாதன் ஊசிகளைக் கீழே வைத்தார். தட்டைப் பார்த்தபடி தமிழில் சொன்னார்:

"பிலிசு, நான் அங்க இதத் தின்னதே இல்ல. எங்களுக்கு ரொட்டியும் பருப்பும்தான். முள்வேலிக்கு அந்தப் பக்கம் கைதிங்க திம்பாங்க. எனக்கு வாசன மட்டுந்தான் வரும். ஒரு நாளாவது தின்னு பாத்துரணும்னு ஆச."

"அதுக்கு நாலு மாசமா?"

"அந்த வாசன வரவே மாட்டேங்கு."

6

முடிவு, ஒன்று: அக்கா ஜாடியை உடைக்கிறார். எழுதிப் பார்த்தேன், அவர் கை ஓங்கவே மறுக்கிறது.

இரண்டு: இன்பநாதன் தட்டு நிறையக் குழம்பு வாங்கி, அழுதுகொண்டே தின்கிறார். டாக்டர் என்னைச் சும்மா விடமாட்டார்.

மூன்று: ஹான் எழுந்து —

ஹான் எதற்கும் எழவில்லை. அவர் பாட்டுக்கு மூன்றாம் தடவை மீன் குழம்பு வாங்கிக்கொண்டிருந்தார். அவருக்கு ஊற்றிவிட்டு அக்கா புருஷன் பக்கம் வந்தார். கரண்டியைத் தட்டுக்கு மேலே பிடித்துக்கொண்டு, "ஊத்தவா?" என்றார்.

இருபத்தெட்டு வருடத்தில் அக்கா கேட்டு ஊற்றியதேயில்லை.

இன்பநாதன் ஒரு பதில் சொன்னார். எனக்குக் கேட்டது. எழுத மாட்டேன், அது அக்காவுக்குச் சொன்னது. உங்களுக்கு வேண்டுமென்றால் நீங்களே ஒன்றை அவர் வாயில் போடுங்கள். ஆனால் ரொம்ப யோசிக்காதீர்கள், அக்கா நின்றுகொண்டே இருக்கிறார்.