ரசீது போட்டு வாங்கிய கிணறு

“கிணறு பத்திரமா இருக்கும்மா. அதான் ரசீது குடுத்தோமே?”

“ரசீதப் பிழிஞ்சு நாத்துக்குத் தண்ணி ஊத்தச் சொல்றீங்களா சார்?”

நில எடுப்பு அலுவலகத்தின் எழுத்தர் பேனாவைத் திறந்து மூடினார். அவர் முதுகுக்குப் பின்னாலிருந்த ஜன்னல் வழியாக நாற்றுப்பண்ணைக்காரி தன் கிணற்றைப் பார்த்தாள். சைக்கிள் நிறுத்தத்துக்கும் உடைந்த நாற்காலிகளுக்கும் நடுவே, அவள் கையால் பூசிய சிமெண்ட் ஒட்டோடு அது நின்றது. யாரோ அதில் தண்ணீர் இறைத்து டம்ளர் கழுவிக்கொண்டிருந்தார்கள்.

புதிய சாலைக்காக அவள் பண்ணையை எடுத்துக்கொண்ட அலுவலகம், அதற்கு அடிமாட்டு விலை சொன்னது. அந்தக் காசில் வேறெங்கும் நாற்றுகளை இறக்கிவைக்கக்கூட இடம் கிடைக்காது என்பதால் அவள் தீர்ப்பாயத்துக்குப் போனாள். விசாரணைக்கு முன் இரு தரப்பும் தங்கள் ஆதாரங்களை ஒரே நாளில் ஒருவருக்கொருவர் கொடுத்துவிட வேண்டும், கொடுக்காததைப் பற்றிப் பிறகு வாய் திறக்கக் கூடாது என்பது அங்கே விதி. முதல் தேதியில் அவள் கிணற்றின் படத்தைக் கொடுத்தாள். அலுவலக வக்கீல் ரசீது போட்டு அதை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு, தங்கள் தாள்களில் ஒரு கையெழுத்து பாக்கி என்று வாய்தா கேட்டார்; கிடைத்தது. மறுநாள் விடிந்தபோது கிணறு இருந்த இடம் ஈரம்கூட இல்லாத சமதரையாக இருந்தது. ஒரு தரப்பு மட்டும் கொடுத்தால் இப்படி ஆவதுண்டு, மறுதரப்பும் கொடுத்துவிட்டால் அவரவருடையது திரும்பிவிடும் என்று தீர்ப்பாயத்தில் விளக்கினார்கள், மழைக்காலத்தில் கதவு இறுகுவதைப் பற்றிச் சொல்வதுபோல.

கொடுக்காமல் இருக்கவும் வழியில்லை. அடுத்த தேதியில், பண்ணை பெரிய தெருவைப் பார்த்திருப்பதைக் காட்டும் வரைபடத்தைக் கொடுத்தாள். வக்கீலுக்கு இன்னொரு கையெழுத்து பாக்கி. அன்று இரவே தெரு வளைந்து அலுவலகத்தின் பக்கம் போய்விட்டது, பஸ் நிறுத்தத்தையும் கூட்டிக்கொண்டு. பஸ் ஓட்டும் அவள் தம்பி, “நான் என்னக்கா பண்ணுவேன், ஸ்டாப்பு எங்க இருக்கோ அங்கதான் வண்டி நிக்கும்” என்றான். மூன்றாவதாகக் கைப்பிடி மண்ணைப் பொட்டலம் கட்டிக் கொடுத்தாள். நிலம் முழுக்கச் சரளைக்கல் ஆயிற்று; அலுவலக வாசலில் இருந்த தொட்டிகள் அந்த வருடம் எல்லோரும் நின்று பார்க்கும்படிப் பூத்தன. அப்போதுதான் அலுவலகத்தின் மதிப்பீட்டாளர் நிலத்தைப் பார்க்க வந்தார். அவள் காசு கொடுத்து வாங்கிய தண்ணீரைக் குடித்துவிட்டு, நீர் இல்லை, பாதை இல்லை, தரிசு என்று எழுதிக்கொண்டார்.

பக்கத்து நிலத்தை அதே அலுவலகம் போன வருடம் நான்கு மடங்கு விலைக்கு வாங்கியிருந்தது. விற்றவரே வேலிக்கு மேலாக அவளிடம் சொன்னார். அந்தப் பத்திரம் இன்னும் கொடுக்கப்படாமல் வக்கீலின் பையில்தான் இருந்தது.

நான்காவது தேதியில் அவளிடம் நாற்றுக்கொட்டகையின் படம் மட்டுமே மிச்சம்.

“இதையும் குடுத்துடுங்கம்மா. குடுக்கலேன்னா அப்புறம் நாத்தப் பத்தி நீங்க பேச முடியாது” என்றார் தீர்ப்பாயத் தலைவர்.

“அவங்க?”

“அவங்க டைம் கேட்டிருக்காங்க.”

“மூணு தடவையும் அதத்தான் கேட்டாங்க ஐயா. என் கிணத்துத் தண்ணியக் குடிச்சிட்டு எனக்குத் தண்ணியில்லன்னு எழுதறாங்க. வெக்கமா இல்லையா சார் உங்களுக்கு?”

வக்கீல் வலது கையால் மூக்குக்கண்ணாடியைச் சட்டையில் துடைத்தார். அவர் இடது கை, படத்தை வாங்க மேசைக்கு இந்தப் பக்கமாகவே நீண்டிருந்தது. அவள் படத்தை மேசைமேல் வைத்தாள். ஆனால் அதன் ஒரு ஓரத்தை விடவில்லை.

“பக்கத்து நிலத்தை வாங்கின பத்திரத்த வெளிய எடுத்து வைக்கச் சொல்லுங்க ஐயா. அதோட ஓரத்த நான் புடிச்சிக்கறேன், இதோட ஓரத்த அவர் புடிச்சிக்கட்டும். ரெண்டு பேரும் ஒரே நேரத்துல விடுவோம். சொல்லுங்க ஐயா, இப்பவே எடுக்கச் சொல்லுங்க.”