கதவோரம் நின்ற திவான்

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வெங்கடசுப்பிரமணியன் தலைப்பாகையோடு தெருவைக் கடந்தார். தலைப்பாகை என்று நான் சொல்வது ஒரு மரியாதைக்குத்தான். அது அவர் மனைவி பத்மாசினியின் அரக்கு நிறச் சுங்குடிச் சேலை. குழாயடியில் நின்றிருந்த எங்களைப் பார்த்து, அரண்மனைக்குப் போகிறவர் மாதிரி லேசாகத் தலையசைத்தார். அசைத்த அசைப்பில் முந்தானை அவிழ்ந்து தோளில் விழுந்தது. வாசலில் நின்ற பத்மாசினி அவர்கள் வீட்டுச் சௌராஷ்டிரத்தில் ஏதோ சொன்னாள். எங்களுக்கு ஒரு வார்த்தையும் புரியவில்லை. ஆனால் கட்டின புருஷனைத் திட்டுவதற்கு எல்லாப் பாஷையிலும் ஒரே ராகம்தான்.

"எங்கண்ணே, மாப்பிள்ளை அழைப்பா?" என்றாள் ராமக்காள்.

"திவான் வேஷம்" என்றார், நின்று நிதானமாக. "முஜிபு படம் வரையிறான். கான்சாகிப்புக்குப் பக்கத்துல நிக்கிற திவான் நான்தான்."

அது தொண்ணூற்றேழாம் வருஷம். சுதந்திரம் வாங்கி ஐம்பது ஆண்டு ஆனதென்று ஊரெல்லாம் கொடியும் தோரணமுமாக இருந்தது. சிம்மக்கல்லில் நோட்டுப் புத்தக மொத்தக் கடை வைத்திருக்கும் காசிமாயன், பள்ளிக்கூடப் பிள்ளைகள் வாங்குகிற சார்ட்டுகளைப் புதிதாக அடிக்க வேண்டுமென்று எங்கள் எதிர்வீட்டு முஜிபுர் ரஹ்மானிடம் சொல்லியிருந்தான். கடல் கடந்து வந்தவர்கள், நாட்டை ஆண்டவர்கள், சண்டை நடந்த கோட்டைகள் என்று ஒரு வரிசை. மதுரையை ஆண்டு கும்பினியோடு மோதிய கான்சாகிப்பும் அதில் உண்டு. முஜிபுர் ரஹ்மான் கடைப் பலகையும் கட்சி பேனரும் எழுதுகிற ஓவியர். அவருக்கு ஒரு பழக்கம் உண்டு. உயிரோடு ஓர் ஆளை எதிரில் நிறுத்தாமல் முகம் வரைய வராது. அதனால் தேசத்தின் வரலாறு முழுக்க எங்கள் சந்துக்குள்ளேயே நடந்து முடிந்தது. அழகர்கோவிலில் முடியிறக்குவதாக நேர்ந்துகொண்டு தாடி வளர்த்திருந்த சைக்கிள் கடைக் காளை, வாஸ்கோடகாமா ஆனான். பூக்கட்டும் ராமக்காள் வேலுநாச்சியார். எனக்கு அதில் ஒரு வருத்தமும் கிடையாது. வேலுநாச்சியார் அந்த அளவுக்கு வெற்றிலை போட்டிருப்பாரா என்பதுதான் சந்தேகம்.

வெங்கடசுப்பிரமணியனுக்கு மட்டும் ரொம்ப நாள் வேஷம் கிடைக்கவில்லை. சுங்குடிக் கடையில் கணக்கு எழுதுகிற அவரும் முஜிபுர் ரஹ்மானும் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. இருவரும் ஒருவரையொருவர் மாப்ள என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள். முஜிபின் மகள் ஹஃபீஸாவுக்கு ஏழு வயதில் காய்ச்சலோடு வலிப்பு வந்தபோது, அவளைத் தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியவர் வெங்கடசுப்பிரமணியன்தான். பெற்ற தகப்பனுக்கு அன்றைக்குக் கால் வரவில்லை. இரண்டு மூன்று வருஷம் மாத்திரை கொடுத்தார்கள். அதற்குப் பிறகு ஒருநாளும் வந்ததில்லை. சரியாகிவிட்டது என்று டாக்டரே சொல்லிவிட்டார். இந்த விஷயம் இரண்டு வீட்டுக்காரர்களுக்கு மட்டும்தான் தெரியும் என்று அவர்கள் நினைத்துக்கொண்டிருந்தார்கள். எனக்கும் தெரியும். எதிர்வீடு என்று ஒன்று பிறகு எதற்கு இருக்கிறது?

அந்த ஹஃபீஸாவுக்குச் சித்திரையில் உத்தமபாளையத்திலிருந்து ஒரு இடம் வந்தது. மாப்பிள்ளை இஜாஸ், சவூதியில் ஏசி மெக்கானிக். வந்தார்கள், பார்த்தார்கள், பிடித்திருக்கிறது என்றார்கள். ஹஃபீஸா துணி காயப்போடும்போது வாய்க்குள் ஏதோ முணுமுணுத்துப் பாட ஆரம்பித்தாள். நானே காதால் கேட்டேன். ஆனால் பெண் பார்த்துவிட்டுப் போனதோடு இங்கே எதுவும் முடிந்துவிடாது. ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் வெள்ளைச் சட்டையில் இரண்டு பெரியவர்கள் வருவார்கள். டீக்கடையில் உட்கார்ந்து, இந்தத் தெருவில் இன்னார் வீடு எப்படி என்று பொதுவாகக் கேட்பார்கள். அந்தப் பதிலில்தான் கல்யாணமே நிற்கும். என்னைக் கேட்டிருக்கலாம், வாசலில்தான் இருந்தேன். அவர்கள் கேட்டது வெங்கடசுப்பிரமணியனை. பெண்ணின் தகப்பனுக்கு உயிர்ச் சிநேகிதர் என்று யாரோ கைகாட்டியிருக்கிறார்கள். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவர் முன்னால் இருந்த டீயில் ஆடை படிந்தது. முதலில் இல்லை இல்லை என்று தலையாட்டினார். கொஞ்ச நேரம் மேலே ஓடுகிற மின்விசிறியைப் பார்த்தார். பிறகு வலது கையை வாயோரம் கொண்டுபோய், குனிந்து, பெரியவர் ஒருவரின் காதில் என்னவோ சொன்னார்.

அடுத்த வாரம் தரகர் வந்து, இப்போதைக்கு வேண்டாம் என்கிறார்கள் என்றார். ஹஃபீஸாவின் அம்மா அஜ்மல் பீவி விடவில்லை. தரகரை உட்காரவைத்து, டீ கொடுத்து, அழுது, நடந்ததை மொத்தமாக அவர் வாயிலிருந்து வாங்கிவிட்டாள். அன்று மொட்டை மாடியில் என்னிடம் வந்தாள்.

"சின்னத்தாயக்கா, அவுக கிட்ட வலிப்பச் சொன்னது யாருன்னு தெரியுமா?"

"ஆத்தாடி, நான் இல்ல தாயி" என்றேன்.

"ஒங்கள யாரு கேட்டா?" என்றாள். பிறகு மூக்கைச் சிந்தியபடி, அந்த வீட்டுப் பக்கம் கையைக் காட்டினாள்.

வெங்கடசுப்பிரமணியனைக் கேட்டால், மறைத்துக் கட்டிக்கொடுத்து நாளைக்குத் தெரிந்தால் அந்தப் பிள்ளைக்குத்தானே கஷ்டம் என்பார். அதுவும் நியாயம்தான். அந்த நியாயத்தை முஜிபிடம் போய்ச் சொல்லியிருக்கலாம். அதற்குப் பதிலாக அன்று சாயங்காலம் டீக்கடைக்கு வந்து சிநேகிதர் பக்கத்தில் உட்கார்ந்து, தோளில் கை போட்டார்.

"விடு மாப்ள. இவனுக இல்லாட்டி இன்னொருத்தன். நம்ம புள்ளைக்கு என்ன கொறச்சல்? எவன் வயித்தெரிச்சல்ல என்னத்தப் போட்டுக் குடுத்தானோ."

முஜிபுர் ரஹ்மான் தம்ளரைக் கையில் எடுத்தார். டீயை ஆற்றினார். ஆறிப்போன டீயையும் ஆற்றிக்கொண்டிருந்தார். அதற்கு அடுத்த வாரம்தான், "மாப்ள, ஒனக்கு ஒரு வேஷம் இருக்கு" என்று கூப்பிட்டனுப்பினார்.

படம் வரைகிற அறை தெருவைப் பார்த்தது. கதவு சாத்துகிற வழக்கமில்லை. எனக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் வாசலில் உட்கார்ந்து அரிசி புடைக்கிற வேலை நிறைய இருந்தது.

"கதவப் பிடிச்சுக்க. அந்தக் கை இல்ல, இடது கை. வலது கைய வாய்கிட்டக் கொண்டு போ."

"எதுக்கு மாப்ள?"

"காதுல ஒண்ணு சொல்லப் போற."

"யாரு காதுல?"

"வெளிய ஆளு நிக்கிறாங்க. படத்துல தெரிய மாட்டாங்க."

வெங்கடசுப்பிரமணியன் கையை உயர்த்தினார், தாழ்த்தினார். "என்னத்தச் சொல்லப் போறேன்னு தெரிஞ்சாத்தானப்பா மூஞ்சி வரும்?"

உள்ளே பிரஷ்ஷைக் கீழே வைக்கிற ஓசை வந்தது. என் முறத்தையும் நிறுத்திவிட்டேன்.

"ஏதாச்சும் சொல்லணும்னா சொல்லு மாப்ள" என்றது முஜிபின் குரல். "நான் பிரஷ்ஷக் கழுவிக்கிட்டிருக்கேன். ஒன் மூஞ்சியப் பாக்க மாட்டேன்."

தண்ணீரில் பிரஷ் சுற்றுகிற சத்தம் கேட்டது. ரொம்ப நேரம் கழுவினார். தேவையில்லாத அளவுக்குக் கழுவினார். நடுவில் ஹஃபீஸா டீ கொண்டுவந்து, "மாமா, சர்க்கரை கம்மியாத்தான் போட்டேன்" என்று நீட்டினாள். வெங்கடசுப்பிரமணியன் வாங்கிக் குடித்தார். குடித்துவிட்டுத் தொண்டையைச் செருமினார்.

"கழுத்து வலிக்குது மாப்ள" என்றார்.

"அதத்தான் சொல்ல வந்தியா?"

"பின்ன, வேற என்ன?"

"அப்பிடியே நில்லு. அசையாத" என்றார் முஜிபுர் ரஹ்மான். "இந்த மூஞ்சிதான்."

ஆடி மாதக் கடைசியில் சிவகாசியிலிருந்து சார்ட்டுகள் வந்து இறங்கின. மாதிரிக்கு ஒவ்வொன்றைக் காளை தன் சைக்கிள் கடைச் சுவரில் ஒட்டினான். வெங்கடசுப்பிரமணியன் கடை முதலாளியையே கூட்டிக்கொண்டு வந்திருந்தார். பத்மாசினி தட்டு நிறைய மைசூர்பாகு வைத்திருந்தாள். கான்சாகிப் சார்ட்டைச் சுற்றித் தெருவே நின்றது. மதுரைக் கோட்டைக்குள் ஓர் அறை. பாயில் ஒருவர் தொழுதுகொண்டிருக்கிறார். முகம் தெரியாது, முதுகு மட்டும்தான். இடது தோள் கொஞ்சம் இறங்கிய முதுகு. அது முஜிபுர் ரஹ்மானின் முதுகு என்று எனக்குச் சட்டென்று தெரிந்துவிட்டது. தன் முதுகை அவர் எப்படித்தான் பார்த்தாரோ. வாசற்கதவைப் பிடித்தபடி அரக்குத் தலைப்பாகையில் திவான். வலது கை வாயோரம். கதவுக்கு வெளியே தரையில் ஈட்டிகளின் நிழல். மூக்கு, மரு, மேல் உதட்டில் ஷேவ் செய்யும்போது தவறிப்போகிற இரண்டு முடி உட்பட, வெங்கடசுப்பிரமணியன் அச்சாக நின்றார்.

அவருடைய மகள் காவ்யஸ்ரீ ஏழாம் வகுப்பு. கீழே இருந்ததை உரக்கப் படித்தாள். "கும்பினிப் படையும் நவாபின் படையும் மாதக்கணக்கில் முற்றுகையிட்டும் பிடிக்க முடியாத கான்சாகிப்பை, அவர் தொழுகையில் இருந்தபோது உடனிருந்தவர்களே பிடித்துக் கொடுத்தனர்." படித்துவிட்டு அண்ணாந்து பார்த்தாள். "அப்பா, பிடிச்சுக் குடுத்தது நீங்களாப்பா?"

மைசூர்பாகு தின்றுகொண்டிருந்தவர்கள் மெல்லுவதை நிறுத்தினார்கள்.

"நமக்கு வாஸ்கோடகாமாவே தேவலாம்ணே" என்றான் காளை. யாரும் சிரிக்கவில்லை. முதலாளி செருப்பைத் தேடினார். முஜிபுர் ரஹ்மான் கூட்டத்துக்குள் எங்கேயும் இல்லை.

மறுநாள் வெங்கடசுப்பிரமணியன் என் வீட்டு வாசலில் நின்றார். பேச வேறு ஆள் கிடைக்கவில்லை போலிருக்கிறது. "பாத்தீங்களாக்கா? ஒரே பெஞ்சுல உக்காந்தவன். எம்புட்டு நம்பிப் போய் நின்னேன்! கூடவே இருந்து முதுகுல குத்திட்டானே."

படத்தில் முதுகைக் காட்டிக்கொண்டிருந்தது யார் என்று நான் கேட்கவில்லை. இப்படி வாயை மூடிக்கொண்டது என் வாழ்க்கையில் அபூர்வம்.

அவருக்கு ஒரு யோசனை வந்தது. சிம்மக்கல் போய், காசிமாயன் கடையில் இருந்த கான்சாகிப் சார்ட்டு அத்தனையும் வாங்கி, ரிக்‌ஷாவில் போட்டுக்கொண்டு வந்தார். பத்மாசினி அவற்றைக் கட்டிலுக்கடியில் தள்ளினாள். மற்ற கடைகளுக்கும் அலைந்து கிடைத்ததையெல்லாம் வாங்கினார். இனிமேல் ஊரில் அந்தப் படம் இருக்காது என்று கொஞ்சம் முகம் தெளிந்து நடமாடினார். பதினைந்து நாளில் காசிமாயன் ஸ்கூட்டரில் எங்கள் தெருவுக்கு வந்து இறங்கினான்.

"முஜிபண்ணே, ஒங்க கான்சாகிப்பு பறக்குதுண்ணே! காந்தி, நேருவே அப்பிடித் தேங்கிக் கெடக்கு. இது மட்டும் வந்த வேகத்துல காலி. இதுக்கும் மேல மூணு மடங்கு அடிக்கச் சொல்லிட்டேன். தேனி, திண்டுக்கல்லு, உத்தமபாளையம் பூராம் போகுது."

உத்தமபாளையம் என்றபோது முஜிபுர் ரஹ்மான் எதிர்வீட்டு ஜன்னலைப் பார்த்தார். நான் தலையை உள்ளே இழுத்துக்கொண்டேன். வெங்கடசுப்பிரமணியன் தன் வீட்டு நடையில் சட்டை மாட்டியபடி நின்றவர், ஒரு கை மாட்டினது மாட்டினபடி நின்றுவிட்டார்.

அன்று சாயங்காலம் பள்ளிவாசலில் மஃரிப் தொழுகைக்குப் பாங்கு சொல்லி முடித்த கொஞ்ச நேரத்தில் அவர் தெருவைக் கடந்தார். தலையில் ஒன்றுமில்லை. கக்கத்தில் சுருட்டிய சார்ட்டு ஒன்று. என்ன சொல்லப் போகிறார், சண்டையா, அழுகையா, இல்லை நாலு மாதமாகத் தொண்டையில் கிடக்கிறதா என்று எனக்குத் தெரியவில்லை. அவர் முகத்தைப் பார்த்தால் அவருக்கே தெரிந்திருக்கும் என்று தோன்றவில்லை. விறுவிறுவென்று போனவர் வாசற்படியில் நின்றுவிட்டார். அறைக்குள் முஜிபுர் ரஹ்மான் பாய் விரித்துத் தொழ ஆரம்பித்திருந்தார்.

தொழுகிறவரைக் கூப்பிட முடியாது. திரும்பிப் போகவும் அவருக்கு மனமில்லை. இடது கை தானாகக் கதவைப் பிடித்தது. கக்கத்துச் சார்ட்டு நழுவிப் படியில் விழுந்து உருண்டு வாய்க்கால் ஓரம் போய் நின்றது. எடுக்கவில்லை. போகிற இடம் தெரியாத வலது கை, மெல்ல எழுந்து வாயோரம் போனது. உள்ளிருந்து வந்த ஹஃபீஸா அவரைப் பார்த்தாள். மாமா என்று கூப்பிடவில்லை. போங்கள் என்றும் சொல்லவில்லை. விளக்கைப் போட்டுவிட்டுப் போய்விட்டாள். அவருடைய நிழல் படியிறங்கி, தெருவைத் தாண்டி, என் முறத்தில் வந்து விழுந்தது.

முஜிபுர் ரஹ்மான் குனிந்தார், நிமிர்ந்தார், நெற்றியைப் பாயில் வைத்து வெகுநேரம் எடுக்காமல் இருந்தார். பிறகு கடைசி இருப்பில் உட்கார்ந்தார். தொழுகையை முடிக்க முதலில் வலது தோள் பக்கம் திரும்பி சலாம் சொன்னார். அடுத்தது இடது பக்கம். கதவு அந்தப் பக்கம்தான்.