ஒரு டின் கடல்காற்று

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தாறாம் வருஷம் பங்குனியில், திருவொற்றியூர் குப்பத்துக் கெங்கம்மா ஒரு மண்ணெண்ணெய் டின் நிறையக் கடல்காற்றைப் பிடித்து அடைத்தாள். அந்த வாரம் சுறா மலிவு. முந்தின வருஷம் காற்று விழுந்து, புருஷன் கோதண்டத்தின் கட்டுமரம் இரண்டு நாள் நடுக்கடலில் நின்றதை அவள் மறக்கவில்லை. ராயபுரத்தில் ஈயம் பற்றவைக்கும் தமீம் பாய் டின்னின் வாயை அடைத்து, துருப்பிடிக்காமல் இருக்கக் கருப்பாகத் தாரும் பூசிக் கொடுத்தார். "வெயில்ல வெய்யி. மூடி போட்ட காத்து சூடானா, வெளிய போவ வழியில்லாம உள்ளயே நெட்டித் தள்ளும்" என்று சொல்லி அனுப்பினார். கெங்கம்மா அதைப் புருஷனிடம் மூன்று முறை சொன்னாள். அவன் மூன்று முறையும் தலையாட்டினான்.

சித்திரையில் காற்று மறுபடி விழுந்தது. கோதண்டமும் கூட்டாளி வெள்ளத்துரையும் இரண்டு நாள் துடுப்புப் போட்டுப் பார்த்தார்கள். நீரோட்டம் வடக்கே இழுத்தது, கை ஓய்ந்தது, குடத்தில் ஒரு மடக்குத் தண்ணீர்தான் மிச்சம். மூன்றாம் நாள் காலை வெள்ளத்துரை, "மாமு, அந்த டின்னத் தொற, இன்னாத்துக்கு அத்த எடுத்தாந்த?" என்றான். கோதண்டத்துக்கு அப்போதுதான் தமீம் பாய் சொல்லியனுப்பியது நினைவுக்கு வந்தது. கடலுக்குப் போகிறவன் குடமானாலும் மீனானாலும் ஈரச் சாக்கால் மூடுவான். டின்னையும் பழக்க தோஷத்தில் அப்படியே மூடி, வேளாவேளைக்குத் தண்ணீரும் தெளித்து வந்திருந்தான். சாக்கை எடுத்தால், பல் போனவர் கன்னம் மாதிரி டின் ஒடுங்கிக் கிடந்தது. இப்போது திறந்தால் வெளியே இருப்பதைத்தான் உள்ளே இழுத்துக்கொள்ளும். பெண்டாட்டி பாடுபட்டுப் பிடித்த காற்றைக் குளிரவைத்துக் கெடுத்தோமே என்று அவனுக்கு அழுகையே வந்துவிட்டது.

டின்னை வெயிலில் வைத்துவிட்டுக் காத்திருந்தார்கள். முதலில் டொக்கென்று ஒரு பக்கம் நிமிர்ந்தது, பிறகு மறுபக்கம். உச்சி வேளையில் நான்கு பக்கமும் புடைத்து, தொட்டால் கை பொத்துப்போகிற சூடு. கடைசி மடக்கை ஆளுக்குப் பாதியாகக் குடித்துவிட்டு, கோதண்டம் டின்னைக் கட்டுமரத்துப் பாய்க்குப் பின்னால் பிடித்துக் கத்தியால் குத்தினான். அவள் அடைத்த காற்றுக்கு மேல் ஒரு துளி கூடவில்லை. சூட்டில் அதற்கு வேகம்தான் கூடியிருந்தது. காற்றை அடைத்த அன்று கெங்கம்மா வறுத்துக்கொண்டிருந்த நெத்திலியின் வாசனையோடு வந்து பாயை நிரப்பியது. விளக்கு வைக்கும் நேரத்துக்குக் கரையில் இருந்தார்கள்.

கெங்கம்மா ஓடிவந்து புருஷனின் முகத்தை இரண்டு கையாலும் தடவிப் பார்த்தாள். அப்புறம் டின்னைப் பார்த்தாள். பக்கங்களில் மடிப்பு விழுந்திருந்தது.

"யோவ், ஈரச் சாக்கு போட்டியா?"

கோதண்டம் தண்ணீர் கேட்டான். அவள் சிரித்துக்கொண்டே ஒரு செம்பு நிறையக் கொடுத்தாள்.

அடுத்த பங்குனியிலிருந்து குப்பமே டின்னும் கையுமாகக் கரையில் வரிசை கட்டியது. அந்த மாதத்து மத்தியானங்களில் ராயபுரம் வரைக்கும் இலை அசையாது. ஜனங்கள் விசிறியை எடுத்துக்கொண்டு, குப்பத்தில் காற்று பிடிக்கிறார்கள் போலிருக்கிறது என்று சொல்லிவிட்டுத் தங்கள் வேலையைப் பார்த்தார்கள்.