அன்பாகப் பராமரிக்கப்பட்ட வீடு

...அன்பாகப் பராமரிக்கப்பட்ட வீடாம், யாருடைய அன்பு, எவன் பராமரித்தான், கூரை ஒழுகியபோது புருஷன் ரஸ் ஒரு வாளியை வைத்துவிட்டுப் பந்தாட்டம் பார்க்கப் போனானே, அந்த அன்பா? க்வென் வீட்டு விற்பனை விளம்பரம் திறந்திருந்த கைப்பேசியை மூக்கருகே பிடித்தபடி, தன் வீட்டுக்கு எதிரே தேவாலயத்தின் கார் நிறுத்துமிடத்தில், காருக்குள்ளேயே உட்கார்ந்திருந்தாள். பின்சீட்டில் நாய் ஓட்டிஸ் குறட்டை விட்டுக்கொண்டிருந்தது. விற்பனைக்கு வந்துவிட்டால் ஞாயிறு மதியம் கண்டவனும் உள்ளே நுழைந்து பார்க்க வீடு திறந்திருக்கும், சொந்தக்காரி மட்டும் இருக்கக் கூடாது, டொலீடோவில் மட்டுமல்ல, அமெரிக்கா முழுக்க இதுதான் வழக்கம். தரகர் கேண்ட்ரா முதல் நாளே சொல்லிவிட்டாள், "நீங்க இருந்தா அவங்களுக்குச் சங்கடமா இருக்கும் செல்லம், வாய்விட்டுக் குறை சொல்ல முடியாது பாருங்க." செல்லமாம்! நேற்று முளைத்த காளான், அறுபதை நெருங்குகிறவளைச் செல்லம் என்கிறது... சங்கடம் அவர்களுக்குத்தானாம், இருபத்தாறு வருஷம் குடியிருந்தவளுக்குக் கிடையாதாம். அவள் மறுபடி படங்களைத் தள்ளினாள். வீடு விற்கிற அந்த இணையதளத்தில் அவள் கூடம் ஒரு விடுதி முகப்பைப் போலப் பல்லிளித்தது. அந்தச் சாம்பல்நிற சோபா எங்கிருந்து வந்தது, வீட்டில் அப்படி ஒரு சோபாவே கிடையாது, கணினியில் வரைந்து வைத்திருக்கிறார்கள் திருடர்கள். ஓட்டிஸ் பிறாண்டிய கதவில் பிறாண்டலைக் காணோம். அடுப்படி மேடையில் அவள் சூடான சட்டியை வைத்துக் கருகிப்போன வட்டத்தைக் காணோம். சுவரில் மாட்டியிருந்த குடும்பப் படங்களை எல்லாம் கழற்றச் சொல்லி, ஆணித் துளைகளையும் கணினியில் பூசி... செத்தவள் வீட்டைக்கூட இவ்வளவு சுத்தமாகத் துடைக்க மாட்டார்கள். பார்க்கப் பார்க்கப் பற்றிக்கொண்டு வந்தது, பார்க்காமலும் இருக்க முடியவில்லை, காலையில் கழிவறையில், வேலைக்குப் போனால் அலுவலகக் கணினியில், படுக்கையில் போர்வைக்குள், ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு படத்தையும் பெரிதாக்கி, இன்னும் எதையடி அழித்தாய் என்று தேடித் தேடித் திட்டினால்தான் அன்றைக்குச் சோறு இறங்கும்.

இன்னும் நாலு நாள், அவ்வளவுதான். விவாகரத்தின்போது நீதிபதிக்கு முன்னால் ரஸ் ஒப்புக்கொண்டதாயிற்றே, இந்த மாதம் முடிவதற்குள் யாரும் வாங்காவிட்டால் வீடு அவளுக்கே, அவன் பங்கை மெதுவாகத் தவணையில் கொடுத்தால் போதும். விற்றுவிடும் என்கிற திமிரில் ஒப்புக்கொண்டான், பாவி. விற்றுவிட்டால் அப்புறம் எங்கே போவது, நெடுஞ்சாலை ஓரத்தில் அந்த அடுக்குமாடியில் ஓர் அறைக்கா, நாய்க்கு அனுமதி இல்லை என்று வாசலிலேயே எழுதி வைத்திருக்கிறானே, அங்கேயா? வெண்ணெய் பிஸ்கட் சுட்டு வைத்துவிட்டுப் போங்கள், மணக்க மணக்க இருந்தால்தான் மனசு இளகும் என்று கேண்ட்ரா அறிவுரை சொல்லியிருந்தாள். க்வென் காலையில் சன்னல்களை எல்லாம் இறுகச் சாத்திக்கொண்டு ஏரி மீனை வெங்காயத்தோடு பொரித்தாள், ஒரு சட்டி போதாதென்று இரண்டு சட்டி. கேண்ட்ரா வந்து எல்லாவற்றையும் திறந்து போட்டாள்தான், ஆனால் மீன் வாசனையா அவளுக்குப் பயப்படும்? இரண்டு குடும்பம் வந்தது, வந்த வேகத்தில் போனது. இப்போது மூன்றாவதாக உள்ளே போன ஜோடியும் வெளியே வருகிறது, வரட்டும், ஓடட்டும், அந்தக் குட்டைத்தாடிக்காரன் மூக்கைத் தேய்த்துக்கொள்கிற அழகைப் பார்... வாசல் மணியில் இருந்த கேமரா அவர்கள் பேச்சை அப்படியே கைப்பேசிக்குக் கொண்டுவந்தது.

"என்னா நாத்தம்டி, சுவரெல்லாம் ஊறிப்போயிருக்கும்."

"பெயின்ட் அடிச்சா போயிரும்டா. ஆனா சமையக்கட்டு ரொம்பப் பழசு."

போ, பழசுதான், போய்ப் புதுசாக ஒன்றை வாங்கித் தொலை. க்வென் வாய்விட்டே சிரித்துவிட்டாள், ஓட்டிஸ் ஒரு கண்ணைத் திறந்து மூடியது. அப்போதுதான் பின்னாலேயே கேண்ட்ராவின் குரல், தேனைக் குழைத்துக்கொண்டு...

"ஒரு நிமிஷம். நான் அவசரப்படுத்தல, முடிவு உங்களோடது. ஆனா இத மறைச்சா தப்பு. நான் விக்கிற வீடுகள்லயே இணையத்துல இதத்தான் அதிகமாப் பாக்குறாங்க. இதோ, யார் எப்பப் பாத்தாங்கன்னு இந்தப் பக்கத்துல கணக்கு இருக்கு பாருங்க, தினமும் காலைல, ராத்திரி, ஆபீஸ் நேரத்துலகூட, ஒரு படம் விடாம. யாரோ ரொம்ப ஆசையா இருக்காங்க. இன்னைக்கோ நாளைக்கோ வந்து விலை சொல்லிருவாங்க."

"இந்த வீட்டுக்கா?" என்றான் தாடிக்காரன்.

"தெரிஞ்சவங்களுக்குத்தான் இதோட அருமை தெரியும்."

பிறகு அந்தப் பெண், "டேய், அந்த மாடி ரூமை இன்னொரு தடவ பாத்துரலாம்டா" என்றாள். கதவு சாத்திக்கொண்டது.

யார் அது, யார் காலையிலும் ராத்திரியிலும்... ஐயோ, நானேதான், என் தலையில் நானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டேனே. வயிற்றெரிச்சலோடு தொட்ட ஒவ்வொரு தொடுதலையும் அந்தப் பாழாய்ப்போன தளம் ஆசை என்று எழுதிவைத்திருக்கிறது, கேண்ட்ரா அதைத் தூண்டிலில் மாட்டிவிட்டாள். ஓடிப்போய்ச் சொல்லிவிடலாம், ஏமாறாதீர்கள், வேறு ஒருவரும் இல்லை, பார்த்ததெல்லாம் நான்தான் என்று. கை கார்க் கதவைப் பிடித்தும்விட்டது. அப்புறம்? எதற்குப் பார்த்தாய் என்று அந்தப் பெண் கேட்டால்? திட்டுவதற்கு என்றா? திட்டுவதற்கு ஒரு தரம் பார்த்தால் போதாதா, போர்வைக்குள் அந்த இல்லாத சோபாவில் யார் உட்கார்ந்திருந்தது, ரஸ் காலே படாத அந்தச் சமையலறையில் யார் காப்பி போட்டுக்கொண்டு நின்றது... வாளி இல்லாத, கருகல் இல்லாத, யாரும் யாரையும் விட்டுப் போகாத வீடு. மேல்மாடி சன்னலில் அந்தப் பெண்ணின் தலை தெரிந்தது, திரையை விலக்கித் தோட்டத்தைப் பார்க்கிறாள், பிடித்துவிட்டது, அவளுக்குப் பிடித்துவிட்டது. க்வென் இருக்கையின் நுனிக்கே வந்துவிட்டாள். தன் வீடு போகிறதே என்றுதான் முதலில் நினைத்தாள், இல்லை, இது வேறு. முந்திவிடுவாள், எனக்கு முன்னால் விலை சொல்லிவிடுவாள் என்கிற பதற்றம், அந்தப் படத்தில் இருக்கிற வீட்டுக்காக. ஆனால் அந்த வீட்டை எனக்குக் கொடு என்று யாரிடம் போய் நிற்பது?